ஒரே இரவில் 17 மிஸ்டு கால்

கேள்வி: தபால் துறையில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கோவில்பட்டி அருகே வசிக்கிறோம். ஒரே மகள், வயது 24. கோவையில் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறாள். படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. இன்று உயிர்த்தோழி என்பவளை நாளை துரோகி என்பாள். இரண்டு வருடத்தில் மூன்று வேலை மாறிவிட்டாள். கையைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் கல்லூரிக் காலத்திலேயே இருந்திருக்கிறது; எங்களுக்குத் தெரியாது. நான்கு மாதத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் என் போன் பையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் 17 மிஸ்டு கால். கடைசியாக, ‘உங்களுக்கும் நான் வேண்டாதவள்’ என்று ஒரு செய்தி. அன்றிரவு மறுபடியும் காயப்படுத்திக்கொண்டாள். மனநல மருத்துவர் ‘பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்’ என்று எழுதி, ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். மூன்று மாதமாக வாரம் ஒருமுறை போகிறாள். ஒவ்வொரு முறையும் ஆயிரம் ரூபாய். முதல் மாதம் அவரைத் தெய்வம் என்றாள். இப்போது, ‘பணம் பிடுங்குகிறார், இனி போகமாட்டேன்’ என்கிறாள். அவரிடம் நானே கேட்டால், ‘உங்கள் மகளின் அனுமதி இல்லாமல் சொல்ல முடியாது’ என்கிறார். ஆளுமையே கோளாறு என்றால் அது பிறவிக்குணம்தானே? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். வெறும் பேச்சில் அது எப்படி மாறும்? நல்ல மாத்திரையாகக் கொடுத்து முடித்துவிட முடியாதா? ஒரு வரன் வந்திருக்கிறது. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள் என் மனைவி. அந்த மிஸ்டு கால் கூத்துக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு மகள் போன் செய்து, ‘பிரஷர் மாத்திரை போட்டீர்களா அப்பா?’ என்று கேட்கிறாள். இவளை என்னவென்று புரிந்துகொள்வது?

பதில்:

அன்புள்ள ஐயா,

நான்கு பக்கக் கடிதம், கீழே பின்கோடு வரை மறக்காமல் எழுதியிருந்தீர்கள். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். ஊர், வேலை போன்ற அடையாளங்களில் சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். உங்கள் மகளை நான் பார்த்ததில்லை. கடிதத்தைப் படித்து நோயைத் தீர்மானிக்கிற பழக்கமும் எனக்கில்லை. மருத்துவர் எழுதியது சரி என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் அந்தப் பழமொழி. நீங்கள் எழுதியதையே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். தொட்டில் ‘பழக்கம்’ என்றுதான் இருக்கிறது. குணம் என்று இல்லை. பழக்கம் என்றால் பழகியது. பழகியதை வேறு விதமாகப் பழக முடியும், நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ‘ஆளுமைக் கோளாறு’ என்ற சொல்லைக் கேட்டதும் ‘ஆளே கோளாறு’ என்று பெற்றவர்கள் காதில் விழுகிறது. உங்கள் மகளின் அறிவு, நகைச்சுவை, உழைப்பு, பாசம் எதிலும் கோளாறு இல்லை. உணர்ச்சியைத் தாங்குவதிலும், உறவில் நம்பிக்கை வைப்பதிலும், தன்னைப் பற்றித் தானே நினைத்துக்கொள்வதிலும் நெடுநாள் பழகிப்போன சில வழிகள் அவளை நோகடிக்கின்றன. அந்த வழிகளுக்குத்தான் இந்தப் பெயர்.

‘பார்டர்லைன்’ என்ற பெயரும் நம் ஊரில் படாதபாடு படுகிறது. ‘சர்க்கரை பார்டரில் இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு ஜாங்கிரி சாப்பிடுகிறவர்கள் அல்லவா நாம்? பார்டர் என்றால் லேசானது, இன்னும் நோயாகவில்லை என்று பல குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன. அப்படி இல்லை. 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், அன்றைய இரண்டு பெரிய நோய்ப் பிரிவுகளுக்கு நடுவே நிற்பவர்கள் என்ற பொருளில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அந்தக் கருத்து பழசாகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆளுமைக் கோளாறு லேசானதா, நடுத்தரமா, கடுமையா என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கும்போது மகள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் கவுண்டரில் இருந்த தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அஞ்சலட்டையை வைத்தால் பார்சல் எடை காட்டுகிற தராசு அது என்று வைத்துக்கொள்வோம். ‘வெறும் அட்டைதானே, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?’ என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவளுக்குத் தெரிவது பார்சல் எடைதான். அதை அவள் நடிக்கவில்லை. அப்பா போனை எடுக்கவில்லை என்பது உங்களுக்கு அட்டை. அவளுக்கு அது, உலகத்தில் கடைசியாக இருந்த ஒருவரும் கைவிட்டுவிட்டார் என்கிற மூட்டை. இந்தக் கூர்மை பாதி பிறப்பிலேயே வருகிறது. மீதி, வளர்கிற இடத்தில் அந்த எடையை யாரும் நம்பாமல் போவதால் வருகிறது. இப்படிச் சொன்னதும் ‘அப்படியானால் நாங்கள்தான் காரணமா?’ என்று எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். நீங்களும் கேட்பீர்கள். குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தால் வருடங்கள்தான் போகும். வேறு வீட்டுப் பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருந்திருக்கக்கூடிய வளர்ப்பு இந்தப் பிள்ளைக்குப் போதவில்லை என்பதும் நடக்கக்கூடியதுதான்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன்: வெறும் பேச்சில் எப்படி மாறும்?

வெறும் பேச்சில் மாறாது. நீச்சலைப் பற்றிக் கரையில் உட்கார்ந்து பேசினால் நீச்சல் வந்துவிடுமா? நல்ல உளவியல் சிகிச்சையில் பேச்சைவிடப் பயிற்சியே அதிகம். ஓர் உதாரணத்துக்கு அந்த 17 மிஸ்டு கால் இரவையே எடுத்துக்கொள்வோம். கடிதத்தில் இல்லாததை நானாக இட்டு நிரப்புகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிகிச்சையாளர், ‘ஏன் அப்படிச் செய்தாய்?’ என்று கேட்கமாட்டார். ‘ஏன்’ என்ற கேள்வி போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். ‘காலையிலிருந்து சொல்’ என்பார். காலையில் சாப்பிடவில்லை. முந்தின இரவு தூங்கியது மூன்று மணி நேரம். மதியம் அலுவலகத்தில் மேலாளர் எல்லோர் முன்னும் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினார். மாலை ஆறு மணிக்கு அறைத்தோழி வேறொரு பெண்ணோடு கடைக்குப் போய்விட்டாள். எட்டரைக்கு அப்பாவுக்கு முதல் அழைப்பு. எடுக்கவில்லை. ‘வேலையாக இருப்பார்’ என்று முதலில் நினைத்தாள். நான்காவது அழைப்பில் ‘வேண்டுமென்றே எடுக்கவில்லை’ என்று ஆனது. பத்தாவதில் நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிடுகிறது. பதினேழாவதில், ‘இத்தனை தடவை கூப்பிட்டேனே, என்ன நினைப்பார்?’ என்ற வெட்கம் சேர்ந்துகொள்கிறது. கவனியுங்கள், கடைசியில் அவளைத் தள்ளியது கோபமாக இல்லாமல் அந்த வெட்கமாக இருந்திருக்கலாம். காயம். கொஞ்ச நேரம் எல்லாம் அடங்கிய மாதிரி ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் வில்லன். அடுத்தமுறையும் அதே வழியில் இழுத்துப்போவது அதுதான். மறுநாள் குற்றவுணர்ச்சி.

இப்படி ஒவ்வொரு கண்ணியாகச் சங்கிலியைப் பிரித்து வைத்தபின் இருவரும் சேர்ந்து தேடுவார்கள்: எங்கே அறுத்திருக்கலாம்? சாப்பாடு, தூக்கம், அறைத்தோழியிடம் ‘நானும் வரட்டுமா?’ என்று ஒரு வார்த்தை, நான்காவது அழைப்பில் போனை மேசை டிராயரில் வைப்பது, இப்படிப் பல இடங்கள் அகப்படும். ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த வாரம் அதை மட்டும் பழகச் சொல்வார். அடுத்த வாரம் நடந்ததா என்று பார்ப்பார்கள். நடந்திருக்காது. மறுபடி பிரிப்பார்கள். கேட்பதற்கு அலுப்பாக இருக்கிறதா? எனக்கே சில நாள் அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வேலை செய்வது இதுதான்.

இந்த முறையை உருவாக்கியவர் மார்ஷா லினெஹன், அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். சிகிச்சையின் பெயர் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டி.பி.டி. (ஒரு பெண்ணுக்கு இதைப் பரிந்துரைத்தபோது உடன் வந்திருந்த பாட்டி, ‘டி.பி.யா? இருமலே இல்லையே’ என்று பதறிவிட்டார். அன்றிலிருந்து முழுப் பெயரையும் சொல்லிவிடுகிறேன்.) இந்த முறை பலன் தருகிறது என்று காட்டிய முதல் ஆய்வை 1991-இல் அவர் வெளியிட்டார். அந்த ஆய்வில் ஒரு வருடம் இந்தச் சிகிச்சை பெற்ற பெண்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது. மருத்துவமனையில் கழித்த நாட்களும் குறைந்தன. இருபது ஆண்டுகள் கழித்து, 2011-இல், அவரே ஒரு விஷயத்தைப் பொதுவில் சொன்னார்: 17 வயதில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு, 26 மாதங்கள் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்த பெண் தான்தான் என்று. அதை எந்த மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தாரோ அங்கேயே நின்று சொன்னார். உங்கள் மகள் விரும்பினால் இதை அவளிடம் சொல்லுங்கள்.

டி.பி.டி.யில் வாரம் ஒரு தனி அமர்வு, வாரம் ஒரு குழுப் பயிற்சி வகுப்பு, நெருக்கடியில் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் கூப்பிட ஓர் ஏற்பாடு, இவற்றோடு சிகிச்சையாளர்களே ஒருவருக்கொருவர் தோள்கொடுக்கக் கூடும் கூட்டமும் உண்டு. வகுப்பில் நான்கு பாடங்கள்: நடப்பதை நடப்பதாகக் கவனிப்பது, நெருக்கடியை மோசமாக்காமல் கடப்பது, உணர்ச்சியை ஆள்வது, உறவு முறியாமல் வேண்டியதைக் கேட்பது. வழக்கமாக ஒரு வருடம். மூன்று மாதம் என்பது அரிச்சுவடி முடிகிற நேரம்.

நெருக்கடிப் பாடத்திலிருந்து ஒன்றை மட்டும் சொல்கிறேன். உணர்ச்சி உச்சிக்கு ஏறிய நிமிடத்தில் புத்திமதி மண்டையில் ஏறாது, உடம்பு வழியாகத்தான் இறக்க வேண்டும். ஒரு பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர், மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் முகத்தை அதில் அமிழ்த்துவது. நீரில் மூழ்கும்போது இதயத் துடிப்பை உடம்பு தானாகவே மெதுவாக்கும். அந்த இயல்பைத்தான் இங்கே கடன் வாங்குகிறோம். விடுதியில் பாத்திரம் இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை ஈரத்துணியில் சுற்றிக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் அழுத்தலாம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது. நீங்கள் பிரஷர் மாத்திரை போடுகிறவர், செய்து பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். இதனால் பிரச்சினை தீராது. பத்து நிமிடம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் அலை கொஞ்சம் தணியும்.

இது ஒன்றுதான் வழி என்றும் நினைக்க வேண்டாம். தன் மனதிலும் எதிராளி மனதிலும் என்ன ஓடுகிறது என்று நிதானமாக ஊகிக்கப் பழக்கும் முறையொன்றை லண்டனில் பேட்மன், ஃபோனகி என்ற இருவர் வளர்த்தார்கள். சிறுவயதில் பதிந்த நம்பிக்கைகளைத் தோண்டி மாற்றும் ஸ்கீமா தெரபியும் உண்டு. எப்போதும் ஒதுங்கியே வாழ்பவர்கள் போன்ற வேறு வகை ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது பயன்படுகிறது. உங்களுக்கு இவற்றைவிட முக்கியமான செய்தி கனடாவிலிருந்து வந்தது. டொரண்டோவில் 180 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டி.பி.டி., மற்றதற்கு இந்தக் கோளாறை நன்கு அறிந்த மனநல மருத்துவர்களின் ஒழுங்கான பொதுச் சிகிச்சை என்று ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2009-இல் முடிவு வெளியானது. இரண்டு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு தேறினார்கள். கோவையில் முழு டி.பி.டி. கிடைக்கவில்லையே என்று பெங்களூருக்கும் சென்னைக்கும் அலைய வேண்டியதில்லை என்றுதான் இதை நான் படிக்கிறேன். நோயைப் புரிந்துகொண்ட ஒருவர், தெளிவான திட்டம், விடாத தொடர்ச்சி ஆகிய மூன்றும் இருந்தால் பெயர்ப்பலகை எதுவாக இருந்தாலும் சரி.

அந்த உளவியலாளர் அப்படிப்பட்டவரா என்பதைச் சரிபார்க்க உங்களுக்கும் மகளுக்கும் உரிமை உண்டு. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா? இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குச் சிகிச்சை அளித்திருக்கிறாரா? முதலில் எதைக் குறைப்பது, எப்போது உட்கார்ந்து மதிப்பிடுவது என்று மகளோடு பேசி முடிவு செய்திருக்கிறாரா? மகள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கோபப்படாமல் பதில் சொன்னால் நல்ல அறிகுறி. வாரம் ஆயிரம் ரூபாய் கனக்கிறது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. அமர்வு நேரம் குறைவாகக் கிடைக்கலாம்.

தெய்வம் மூன்றே மாதத்தில் பணம் பிடுங்கியானதற்கு வருகிறேன். உங்களுக்கு அது சிகிச்சை தோற்றதன் அடையாளமாகப் படுகிறது. எனக்குச் சிகிச்சை இப்போதுதான் ஆரம்பித்திருப்பதாகப் படுகிறது. தோழியிடம் நடந்ததும், வேலையிடங்களில் நடந்ததும் இப்போது அந்த அறைக்குள் நடக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: தோழி விலகிப்போனாள், பயிற்சி பெற்றவர் விலகாமல் உட்கார்ந்து, ‘என் மேல் கோபமாக இருக்கிறாய் போலிருக்கிறது, எந்த இடத்தில் ஆரம்பித்தது?’ என்று கேட்பார். ஒருவர் மேல் கடுங்கோபம் கொண்டபிறகும் அந்த உறவு முறியாமல் நிற்கும் என்பதை இந்தப் பெண் தன் வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்க்கப்போகிற இடம் அது. ஆகவே, ‘சரி, வேறு ஆளைப் பார்ப்போம்’ என்று உடனே சொல்லாதீர்கள். ‘போய்த்தான் ஆகவேண்டும்’ என்று அதட்டவும் வேண்டாம். ‘எனக்குச் சொன்னதை அவரிடமே நேரில் சொல்லிவிட்டு, பிறகு முடிவெடு’ என்று சொல்லிப் பாருங்கள்.

அவர் உங்களிடம் எதுவும் சொல்லாததில் உங்களுக்கு வருத்தம். 24 வயதானவரின் விஷயத்தை அவர் சம்மதமின்றி வெளியில் சொல்லக்கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே தரும் பாதுகாப்பு. அவர் செய்தது சரி. உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டும் நிலைமை வேறு. ஆனால் அவர் உங்களிடம் சொல்லக்கூடாதே தவிர, நீங்கள் அவரிடம் சொல்லத் தடையில்லை. மகளுக்குத் தெரிந்தே சொல்லுங்கள். குடும்பத்தோடு ஓர் அமர்வுக்கு மகள் சம்மதித்தால் உடனே ரயிலேறுங்கள்.

மாத்திரை பற்றி: இந்தக் கோளாறுக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒப்புதல் தந்த மருந்து இதுவரை ஒன்றுகூட இல்லை. கூடவே வரும் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை ஆகியவற்றுக்கு மருத்துவர் கொடுப்பார். அதைத் தானாக நிறுத்தக்கூடாது. எல்லா மாதத்துக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கி அவள் கையில் கொடுக்கவும் வேண்டாம். உங்கள் பிரஷர் மாத்திரை உட்பட வீட்டிலுள்ள மருந்துகளையும், பூச்சிமருந்து இருந்தால் அதையும் பூட்டி வையுங்கள். இதைச் சொல்லத் தயங்குவதில்லை நான்.

எவ்வளவு நாளில் தேறுவாள்? பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனையில், இந்தக் கோளாறோடு உள்நோயாளியாகச் சேர்ந்த 290 பேரை மேரி ஸனாரினி குழுவினர் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பத்து ஆண்டுகளில் 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் அடங்கி, குறைந்தது இரண்டு ஆண்டுகள் அப்படியே இருந்தன. சுடுகாடு மட்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பதில் என்னிடம் இல்லை. ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டும்: அறிகுறி அடங்கியதோடு நிலையான வேலை, உறவு என்று வாழ்க்கையும் நன்றாக அமைந்தவர்கள் பாதிப்பேர்தான். காயப்படுத்திக்கொள்வது சீக்கிரம் குறையும். தனிமை பயமும் வெறுமையும் மெதுவாகத்தான் போகும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, எடையை ஒப்புக்கொள்வது. ‘இதற்கெல்லாமா அழுவாய்?’ என்பதற்குப் பதில், ‘அத்தனை தடவை கூப்பிட்டும் நான் எடுக்காதபோது பயந்துபோயிருப்பாய்’ என்று சொல்லிப் பாருங்கள். அவள் செய்தது சரி என்று ஒத்துக்கொண்டதாக ஆகாது. வலித்தது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறீர்கள். பல அப்பாக்களுக்கு இந்த ஒரு வாக்கியம் தொண்டையில் நிற்கும். நின்றால் நிற்கட்டும், மறுநாள் சொல்லுங்கள்.

இரண்டாவது, போன். தினமும் இரவு எட்டரைக்கு நீங்களே கூப்பிடுங்கள், பத்து நிமிடம். கல்யாண வீடு, கோயில் என்று போகும் நாளில் காலையிலேயே, ‘இன்று ஒன்பதரைக்குத்தான் கூப்பிடுவேன்’ என்று சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்தில் கூப்பிட்டே ஆகவேண்டும்; 36 வருடம் தபால் பட்டுவாடா நேரம் தவறாமல் பார்த்தவருக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. காயப்பட்ட நாளில் மட்டும் ஓடிவந்து, நல்ல நாட்களில் ‘இப்போது சரியாகத்தானே இருக்கிறாள்’ என்று விட்டுவிட்டால், அன்புக்கு எது விலை என்று நாமே கற்றுக்கொடுத்தது போலாகும்.

வரனைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். கல்யாணமே கூடாது என்று சொல்லவில்லை. தேறியபின், அவள் விரும்பினால், சம்பந்தப்பட்டவருக்கு விஷயம் தெரிந்தபின் தாராளமாக நடக்கட்டும். கைவிடப்படுவோமோ என்ற பயம்தான் நோயின் மையம் என்னும்போது, முன்பின் தெரியாத ஒருவரையும் அவர் வீட்டாரையும் மருந்தாகக் கொடுப்பது இருவருக்கும் அநியாயம்.

உயிரைப் பற்றிய பேச்சு வந்தால் பயப்படாமல் நேராகக் கேளுங்கள்: ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியாக விடக்கூடாது. விடுதியில் நம்பகமான ஒருவரின் எண்ணை மகளின் சம்மதத்தோடு இப்போதே வாங்கி வையுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். காயம் பட்டால் அருகிலுள்ள மருத்துவமனைக்குத் தாமதமின்றிப் போக வேண்டும். போலீஸ், வழக்கு என்று பயந்து தாமதிக்கிற குடும்பங்களை நான் இன்னமும் பார்க்கிறேன். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்பது அதே 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு.

நான்கு பக்கத்தில் மகளைப் பற்றிக் குறையாக எழுதியதெல்லாம் போக, கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி இருந்தது, காலை ஆறு மணிக்கு வந்த அழைப்பைப் பற்றி. இரவெல்லாம் தூங்காமல் கையில் கட்டோடு இருந்தவள், விடிந்ததும் உங்கள் மாத்திரையை நினைத்திருக்கிறாள். அந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதைத்தான் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.